புகைபோக்கி இல்லாத நெருப்பு

மூணாறு,
ஜனவரி மாதம்

அன்புள்ள மகள் மலர்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ ஜப்பானிலிருந்து அம்மாவுக்கு அனுப்பிய படங்களை நேற்று நானும் பார்த்தேன். உன் அம்மா நீ இளைத்துவிட்டாய் என்று புலம்பினாள். எனக்குக் கண்ணில் பட்டது உன் மண்ணெண்ணெய் ஹீட்டருக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையும், பால்கனி மூலையில் வெயில் படும்படி கிடக்கும் எண்ணெய்க் கேனும்தான். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். தம்பி இதைப் படம்பிடித்து அனுப்புவான். அவசரப்படாமல் கடைசிவரை படி.

முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் கேள். ஜப்பானில் வாடகைக் குடியிருப்புகள் பலவற்றில் மண்ணெண்ணெய் ஹீட்டர் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். ஊருக்குத் திரும்பிய தோழி இலவசமாக விட்டுப்போனாள் என்பது அனுமதி ஆகாது. கூடாது என்றால் அதை யாருக்காவது கொடுத்துவிட்டு மின்சார ஹீட்டர் வாங்கிக்கொள், பணம் நான் அனுப்புகிறேன். அனுமதி உண்டு என்றால் மட்டும் மற்றதைப் பார்க்கலாம்.

பின்பக்கத் தகட்டின் படத்தில் பி.எஸ்.சி. என்ற அந்த நாட்டுப் பாதுகாப்பு முத்திரை தெரிகிறது. அது நல்லது. 2011 ஏப்ரலுக்குப் பிறகு அந்த முத்திரை இல்லாத மண்ணெண்ணெய் ஹீட்டரை அங்கே விற்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகத் தம்பி தேடிப் படித்துச் சொன்னான். ஆகவே பொருள் அரதப் பழசு இல்லை. ஆனால் முத்திரை ஹீட்டருக்குத்தானே தவிர, அதை வைத்திருப்பவருக்கு இல்லை.

குளிர் நமக்குப் புதிது அல்ல. இந்த மாதம் செண்டுவரைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது, தேயிலைக் கொழுந்து கருகிப்போகிறது. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நீ, கணப்புச் சட்டி தெரியும். விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், திட்டிக்கொண்டே கதவைத் திறந்துவிடுவோம். அந்தப் புகைதான் நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. கரி மட்டும் போட்ட சட்டி அப்படி இல்லை. புகை இருக்காது, கதகதப்பாக இருக்கும், கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். மலைப்பிரதேசங்களில் சுற்றுலா வந்தவர்கள்கூட அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்து இறந்திருக்கிறார்கள். உன் ஹீட்டர் இந்த இரண்டாவது சாதி.

நான் தேயிலை ஃபேக்டரியில், இலையை உலர்த்தும் டிரையர் பக்கம் நின்றவன். ஃபர்னஸில் விறகு எரியும். அந்தப் புகை தனி வழியில் புகைபோக்கிக்குப் போய்விடும். இலைக்குப் போகும் காற்று வேறு. அது சூடான இரும்புக் குழாய்களைத் தொட்டுச் சூடேறி, சுத்தமாக உள்ளே வரும். குழாயில் விரிசல் விட்டுப் புகை கலந்தால் தூளில் புகைவாடை ஏறிவிடும், ருசி பார்ப்பவர் ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார், சரக்குக்கு விலை போகாது. தேயிலைக்கே அவ்வளவு ஏற்பாடு. உன் ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது. எரிந்து முடிந்த காற்றும் நீ மூச்சு விடும் காற்றும் ஒரே காற்று. சுவரைத் துளைத்துக் குழாய் வைத்து, வெளிக்காற்றை இழுத்து, எரிந்த காற்றை வெளியே தள்ளும் ஹீட்டர்களும் அந்த நாட்டில் உண்டு. நீ வைத்திருப்பது அது இல்லை, திரி வைத்தது.

அறையைப் பூட்டிக்கொண்டு எரித்தால் உயிர்வாயு குறையும். குறையக் குறைய மண்ணெண்ணெய் அரைகுறையாக எரியும். அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகமாக வரும். நிறம் இல்லை, மணம் இல்லை. இரத்தத்தில் உயிர்வாயு உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இது பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம், பிறகு எழுந்திருக்க நினைத்தாலும் கால் கேட்காது. இதில் எனக்கு உள்ள பயம் என்னவென்றால், நீ முதியோர் இல்லத்தில் இரவு முழுவதும் ஆட்களைத் தூக்கி இறக்கிவிட்டு விடியற்காலையில் வருகிறவள். தலை வலித்தால் வேலைக் களைப்பு என்றுதான் நினைப்பாய். ஹீட்டர் எரியும்போது தலை வலித்தால் அது களைப்பாக இருந்தாலும் சரி, முதலில் ஹீட்டரை அணை, ஜன்னலைத் திற, வெளியே போய் நில். வெளிக்காற்றில் வலி குறைந்தால் காரணம் ஹீட்டர் என்றே வைத்துக்கொள். குறையாவிட்டால் 119, தயங்காதே. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கடையில் கிடைக்கும். இந்த மாதம் எனக்கு அனுப்பும் பணத்தில் அதை வாங்கு.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, முடிந்தால் இரண்டு முறை, ஓரிரு நிமிடம் ஜன்னலைத் திறந்து வை. எதிரெதிராக இரண்டு திறப்பு இருந்தால் இன்னும் நல்லது. சூடெல்லாம் போய்விடும் என்று கணக்குப் பார்க்காதே. போவது காற்றின் சூடு மட்டும். சுவரிலும் தரையிலும் ஏறிய சூடு அப்படியே இருக்கும், அறை சீக்கிரம் பழையபடி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வருகிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது, அலமாரியில் பூஞ்சை என்று அம்மாவிடம் சொன்னாயே, அதற்குக் காரணம் இதுதான். ஜன்னல் திறந்தால் அதுவும் குறையும்.

தூங்கப் போகும்போது அணைத்துவிடு. கொஞ்ச நேரம் கண் அயர்வதற்கும் இதே விதிதான். அறை சூடாகிவிட்டால் கம்பளிக்குள் நுழைந்துகொள், சுடுநீர்ப் பை வைத்துக்கொள். இதில் நான் பேரம் பேசுவதாக இல்லை.

இனி எண்ணெய். அந்தப் பால்கனிக் கேன் உன் தோழி போன குளிர்காலத்தில் வாங்கி மிச்சம் வைத்தது என்று சொன்னாயாம். ஒரு சொட்டுகூட ஊற்றாதே. வெயில் பட்டுக் கோடையைக் கடந்த மண்ணெண்ணெய் கெட்டுவிடும். நல்ல எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கும். கெட்டது மஞ்சளடித்து, புளித்த வாடை வீசும். நிறம் மாறாமலேயே கெட்டிருப்பதும் உண்டு. அதை ஊற்றினால் திரியின் நுனியில் கீல் படிந்து கல்லாகிவிடும். கல்லான திரி ஏறும், இறங்காது. உன் ஹீட்டரில் நிலநடுக்கம் வந்தால் தானே அணையும் ஏற்பாடு இருக்கிறது அல்லவா? திரி சட்டென்று கீழே விழுந்தால்தான் அது வேலை செய்யும். திரி சிக்கிக்கொண்டால் பூமி ஆடும்போதும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். கெட்ட எண்ணெயின் ஆபத்து வாடையில் இல்லை, இதில் இருக்கிறது. கேனை எண்ணெய் வாங்கும் பெட்ரோல் பங்கிலேயே கொண்டுபோய்க் கேள், பழைய எண்ணெயை வாங்கிக்கொள்வார்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதே.

இங்கே ரேஷன் மண்ணெண்ணெய் நீல நிறத்தில் வரும், பதுக்கிக் கலப்படம் செய்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாயம் போட்டது. அங்கே நிறமில்லாமல் இருந்தால்தான் சரி. அங்கே சாயம் போடுவது பெட்ரோலுக்கு, ஆரஞ்சு நிறம். பெட்ரோல் கொஞ்சம் கலந்தாலும் ஹீட்டரில் தீ கட்டுக்கடங்காமல் எழும்பிவிடலாம். சந்தேகம் வந்தால், பக்கத்தில் நெருப்பே இல்லாத இடத்தில், விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு ஊதிப் பார். பெட்ரோல் உடனே உலர்ந்துவிடும். மண்ணெண்ணெய் ஈரமாகவே இருக்கும். மண்ணெண்ணெய்க்கென்று செய்த கேனிலேயே வாங்கு. தண்ணீர்க் கேனில் வாங்காதே. வெயில் படாத இடத்தில் வை. இந்தக் குளிருக்கு வாங்கியதை இந்தக் குளிருக்குள் தீர்த்துவிடு.

எண்ணெய் ஊற்றும் நேரம்தான் மற்ற எல்லாவற்றையும்விட மோசமான நேரம். எரியும்போது ஊற்றவே கூடாது. அணைத்து, ஆறவிட்டு, உள்ளே இருக்கும் டாங்கியைத் தூக்கி வாசல் பக்கம் கொண்டுபோய் ஊற்று. கோடு வரைக்கும் போதும். வெளியே குளிரில் கிடந்த எண்ணெய் அறைச் சூட்டில் விரியும், விளிம்புவரை ஊற்றினால் வழியும். பிறகு மூடியை இறுக்கு. இறுக்கியாயிற்று என்று நினைப்பது போதாது. டாங்கியைத் தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா என்று பார். ஜப்பானில் தீப்பிடித்த சம்பவங்களில் இந்த அரைகுறை மூடிக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. டாங்கியைத் திருப்பி உள்ளே வைக்கும்போது மூடி கழன்று, சூடான பர்னர்மீது எண்ணெய் கொட்டிவிடும். வெளியே சிந்தியதைத் துடைத்த பிறகுதான் பற்றவைக்க வேண்டும்.

பற்றவைத்ததும், திரிக்கு மேலே தீ எரியும் அந்த உருளையின் கைப்பிடியைப் பிடித்து இடமும் வலமும் இரண்டு முறை அசைத்துவிடு, அது திரிமேல் சரியாக உட்காரும். கோணலாக உட்கார்ந்தால் ஒரு பக்கம் தழல் நீண்டு கரி பிடிக்கும். உடனே எழுந்து போய்விடாதே, சில நிமிடம் கழித்து ஒருமுறை பார். உருளை முழுவதும் ஒரே சீராகச் சிவந்திருக்க வேண்டும். மஞ்சள் நாக்கு மேலே எட்டிப்பார்த்தால் திரி அதிகம். எண்ணெய் மிச்சமாகும் என்று திரியைக் குறியீட்டுக்குக் கீழே இறக்குகிறார்களே, அது கெட்ட சிக்கனம். தீ சிறுத்தால் அரைகுறையாக எரியும், வாடையும் நச்சும் கூடும். சூடு அதிகம் என்றால் அணைத்துவிட்டு உட்கார்.

திரைச்சீலையைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன். ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டருக்குத் துணி, காகிதம், மெத்தை எதுவும் வேண்டாம். துணி காயப் போடும் கொடி ஹீட்டருக்கு மேலே கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்துவிடு. காய்ந்த துணி லேசாகி, சூடான காற்றில் ஆடி, கீழே விழும். தலைக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பா முன்னால் இருக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கும். மேலே கெட்டில் வைத்துக்கொள்வது அங்கே பலருக்கும் பழக்கம் என்கிறாய். நிலநடுக்கம் வரும் ஊரில் கொதிநீரை ஹீட்டர்மேல் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. டீ அடுப்பில் போட்டுக்கொள்.

பராமரிப்புக்குப் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாரம் ஒரு முறை, ஆறிய பிறகு, அடியில் காற்று நுழையும் துவாரங்களில் சேர்ந்த தூசியைத் துடை. உருளைக்குப் பின்னால் இருக்கும் தகட்டையும் பளபளப்பாக வை, சூட்டை முன்னால் தள்ளுவது அதுதான். திரி திருகும்போது கனமாக இருந்தாலோ, பற்ற நேரம் எடுத்தாலோ, கீல் படிந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடி இழைத் திரியாக இருந்தால், எண்ணெயைத் தீரவிட்டு, ஜன்னல்களைத் திறந்து வைத்து, வெறும் திரியைத் தானாக அணையும்வரை எரித்துவிடலாம். கீல் கருகி உதிரும். பஞ்சுத் திரியை அப்படி எரித்தால் திரியே போய்விடும். உன்னுடையது எது என்று கையேட்டில் பார். மொழி புரியாவிட்டால் கூடவேலை செய்யும் அக்காமார் யாரிடமாவது காட்டு. புதுத் திரி போட்டால் எண்ணெய் ஊற்றி அரை மணி நேரமாவது ஊறவிட வேண்டும். ஊறாத திரியைப் பற்றவைத்தால் முதல் நாளே கருகும். எண்ணெய் இருந்தும் தீ மெலிந்தால் டாங்கியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், அதை வடித்துவிடு. குளிர் முடிந்ததும் எண்ணெயை ஒட்ட வடித்து, பற்றவைக்கும் பேட்டரியையும் கழற்றி வை.

ஒருவேளை தீ மேலே எழும்பிவிட்டால் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, தண்ணீர் ஊற்றாதே. அணைக்கும் பொத்தானை அழுத்து. கேட்காவிட்டால், தீ சிறிதாக இருக்கும்போதே, நனைத்துப் பிழிந்த கனமான போர்வையை முன்பக்கத்திலிருந்து போர்த்து, அல்லது தீயணைப்பான் இருந்தால் அடி. அதற்கும் மீறினால் பொருளை விட்டுவிட்டு வெளியே வா, அங்கிருந்து 119.

அடுத்த முறை பற்றவைத்து பத்து நிமிடம் கழித்து உருளையைப் படம் எடுத்து அனுப்பு. சுவர் தெரிய வேண்டாம், உருளை மட்டும். தீயின் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன். திரைச்சீலையை நகர்த்திய பிறகு அதையும் ஒரு படம்.

தம்பிக்கு அடுத்த மாதம் போடியில் பரீட்சை. உன் அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள்; அந்த நாட்டுத் தபாலில் அதை விடுவார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா