படிப்பக ஆண்டறிக்கை 2024–25

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினம், ஓணம், பொங்கல் மூன்றும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கூட்டம் நடத்தப் போதிய ஆள் (கோரம்) சேரவில்லை.

பிள்ளைகளுக்கு நடத்தும் சனிக்கிழமை மோர்ஸ் (எழுத்தைப் புள்ளியும் கோடுமாக அனுப்பும் தந்தி முறை) வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "தந்தியே 2013-ல நின்னு போச்சு, பிள்ளைகளுக்கு எதுக்குங்க இது?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். ஆங்கிலச் சொல்லைப் போட்டால் போனே புள்ளியும் கோடுமாக மாற்றித் தரும் என்றார் இன்னொருவர். சரிதான். ஆனால் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்த 2020 ஆகஸ்ட் 6 இரவு போன் வேலை செய்யவில்லை. 70 பேரை மண் மூடியது வெளியே தெரிவதற்குள் விடிந்துவிட்டது. டார்ச்சை வைத்து எதிர்மலை லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஒரு சொல்லாவது அனுப்ப நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன்.

ஆபத்துக்கு அனுப்பும் எஸ்ஓஎஸ் ஒரே நாளில் வந்துவிட்டது. 'ஹெல்ப்'தான் பாடாய்ப் படுத்தியது. எச்சுக்கு நான்கு புள்ளி, ஈக்கு ஒரு புள்ளி. அவசரத்தில் இரண்டும் ஒட்டினால் ஐந்து புள்ளி. எதிரே பார்க்கிற பிள்ளை 5 என்று எழுதிவிடும். ஒரு கோடு மூன்று புள்ளி நேரம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியும் அதே மூன்று, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஏழு. இந்த இடைவெளி பிடிபட இரண்டு மாதம் ஆனது. கார்த்திகையில் ஒருநாள், பனி இறங்குமுன், ஏழாம் வகுப்புப் பிள்ளை கடைசி லயத்து வாசலிலிருந்து 'வாட்டர்' என்று டார்ச் அடித்தாள். படிப்பகத் திண்ணையில் நின்று ஐந்து எழுத்தையும் பிசகில்லாமல் எழுதினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உதவிக்கு எட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். ஜூன் மழைக்கு அப்புறம் வந்தது நானும் பொருளாளரும்தான். ஓவர்டைம், காதுகுத்து எல்லார் வீட்டிலும் உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை கூடவா முடியாது?

வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. கணக்கு நோட்டு மேசையில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். பாதிப் பேருக்கு மேல் சந்தா பாக்கி. பேட்டரியும் பஸ்ஸரும் என் கைக்காசில் வாங்கியவை.

கட்டடம் தந்தவர்களுக்கும் டீ போட்டுத் தந்த தாய்மார்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகளையாவது ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) உரிமத் தேர்வுக்குத் தயார் செய்ய எண்ணம். அதில் ஜெனரல் கிரேடு உரிமத்துக்கு மோர்ஸில் நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகம் வேண்டும். அதற்கு மோர்ஸ் தட்டும் நல்ல கீ ஒன்று வாங்க வேண்டும். நானே தொடர்வேனா என்பதை இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. சந்தா ரசீதுப் புத்தகம் என் பையில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் இங்கேயே இருப்பேன்.

செயலாளர்