பால்டிமோரில் வேலை தேடும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீ அனுப்பியிருந்த மூன்று வேலை அறிவிப்புகளையும் நிதானமாகப் படித்தேன். மூன்றிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற பெயரே இருந்தாலும், அந்தப் பெயரில் அங்கே பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் இருப்பதால், சம்பளம் தருபவர் ஒருவரல்லர் என்பதை நீ முதலில் கவனிக்க வேண்டும். வார்டில் பணியாற்றும் நர்ஸ் ஹெல்த் சிஸ்டம் என்ற தனி நிறுவனத்தின் ஊழியர். அதே நோயாளியிடம் ஆராய்ச்சிக்காகப் பேச வரும் ஒருங்கிணைப்பாளர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர்.

ஆராய்ச்சிப் பணி என்றால், அந்தச் சம்பளம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, அது எந்த ஆண்டில் முடிகிறது என்று நேர்காணலிலேயே கேட்டுவிடு. கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பெண்கள் நீட்டிப்பு ஆணை வருமா வராதா என்று கலங்கி நின்றதை என் பணிக்காலத்தில் பார்த்தவள் நான். எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமானாலும் நிதி நின்றால் நிலை அதுதான்: 2025 மார்ச்சில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பாக இருந்த யுஎஸ்எய்ட் வழியாக வந்துகொண்டிருந்த 80 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதி நிறுத்தப்பட்டபோது, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2,000-க்கும் அதிகமான பணியிடங்களை நீக்கியது, அவற்றில் பெரும்பாலானவை வெளிநாடுகளில் இருந்தவை என்றாலும், அமெரிக்காவிலும் 247 பேர் வேலை இழந்தார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, ஆய்வகப் பணியைவிட ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளர் பணிக்கே நீ விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்வது உனக்கு வியப்பாக இருக்கலாம். தகுதியுள்ள நோயாளியைக் கண்டறிவது, ஆய்வில் அவருக்கு என்ன நேரலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்குவது, விருப்பமில்லையென்றால் எந்த நேரத்திலும் விலகலாம் என்பதை அழுத்திச் சொல்வது, அதன் பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது, அடுத்தடுத்த வருகைகளில் அவரைத் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்வது ஆகியவை அந்தப் பணியின் உயிர். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் படிவத்தை நீட்டி "இங்கே போடுங்கள்" என்று அவசரப்படுத்தும் பழக்கம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து 1951-இல் அவருடைய அனுமதியின்றி உயிரணுக்கள் எடுக்கப்பட்டதும் இதே மருத்துவமனையில்தான். ஹீலா என்ற பெயரில் அவை உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகின. அவருடைய குடும்பத்தாருக்கோ பல ஆண்டுகள் வரை எதுவும் தெரியாது. அந்த ஊர் மக்களிடம் போய் ஒப்புதல் கேட்பவளுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் தயங்கும்போது கோபமும் வரக் கூடாது. உனக்கு அந்தப் பொறுமை உண்டு.

விசா குறித்து அப்பா கவலைப்படுகிறார். எச்-1பி என்ற வேலை விசாவுக்கு உள்ள ஆண்டு உச்சவரம்பு பல்கலைக்கழகங்களுக்குப் பொருந்தாது என்பதால் குலுக்கலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்கு விளக்கினேன். ஆனால் அவர்கள் உனக்காக விண்ணப்பிப்பார்களா என்பது வேறு கேள்வி, அதையும் கேள். மாணவர் விசாவில் படித்தவர்கள் படிப்புக்குப் பின் வேலை செய்ய அனுமதிக்கப்படும் ஓபிடி காலத்தில் வேலையின்றி இருக்க மொத்தம் 90 நாட்களே அனுமதி என்பதால், பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திராமல் இப்போதே விண்ணப்பித்துவிடு.

பால்டிமோர் இருக்கும் மேரிலாந்து மாநிலத்தில் 2024 அக்டோபர் முதல் வேலை அறிவிப்பிலேயே சம்பள வரம்பைக் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம். நீ அனுப்பிய இரண்டாவது அறிவிப்பில் அந்தப் பக்கம் விடுபட்டிருக்கிறது. முழுவதையும் மறுபடி அனுப்பு.

அன்புடன்,
அம்மா