வெளியில் கலகலப்பு, வீட்டில் மௌனம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ சம்மதித்ததால் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. திருகோணமலையில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் எனக்குத் தெரிந்த வேறு வீடுகளிலும், உன் கணவரைப் பற்றி நீ கேட்ட கேள்வி இருக்கிறது. கந்தோரில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற மனிதர் வீட்டுப் படலையைத் திறந்ததும் ஏன் வாயைப் பூட்டிக்கொள்கிறார்? எதுதான் இவருடைய உண்மையான குணம்?

பயிற்சிப் பட்டறையில் அவர் நிரப்பிய படிவத்தையும் அனுப்பியிருந்தாய். அதில் மனிதர்கள் நான்கு வகை: முன்னின்று முடிவெடுப்பவர், பேசிக் கவர்பவர், நிதானமாக ஒத்துப்போபவர், விதிமுறை பிசகாதவர். உன் கணவர் இரண்டாவது வகை என்று அச்சாகியிருப்பதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் இன்னும் ஏறியிருக்கிறது. "பேச்சு இவ்வளவு கையில் இருந்தும் எனக்கு மட்டும் தரவில்லை" என்று எழுதியிருக்கிறாய்.

இந்த நான்கு வகைக்கும் மூலம் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928 இல் எழுதியது. அவர் வினாத்தாள் எதையும் தயாரிக்கவில்லை. ஒருவர் தம்மைச் சுற்றியுள்ள சூழலைச் சாதகமாகக் காண்கிறாரா, பாதகமாகக் காண்கிறாரா, அதில் தம் கை ஓங்கியிருப்பதாக நினைக்கிறாரா என்பதை வைத்தே அவர் பேசினார். படிவங்கள் பின்னால் வந்தவர்களின் வேலை. உன் கணவர் கந்தோர் மேசையில் இருந்து, கந்தோரை மனதில் வைத்து நிரப்பிய தாள் அது. அதில் உன் வீட்டைத் தேடாதே.

அவருடைய கவுண்டரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை மூதூரிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவர் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு துணிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றார். உன் கணவர் எழுந்து போய்க் கதிரை எடுத்துக் கொடுத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கி, "இது போதும் அம்மா, இதை வீட்டில் பத்திரமாக வையுங்கள்" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குள் பின்னால் நின்றவர் சிங்களத்தில் ஏதோ கேட்க, தலையை நிமிர்த்திச் சிங்களத்திலேயே பதில் சொன்னார். நம் ஊர்க் கந்தோரில் இரண்டு மொழியிலும் முகம் கோணாமல் இருப்பதே ஒரு வேலை. சம்பளச் சீட்டில் அதற்கென்று தனி இடம் கிடையாது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹோக்ஸ்சைல்ட் 1983 இல் இதற்கு 'உணர்ச்சி உழைப்பு' என்று பெயர் வைத்தார்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தேன். கவுண்டரில் வருகிற கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. பதில் தெரியாவிட்டால் மேலதிகாரி இருக்கிறார். நீ கேட்கிற கேள்விக்கு? அம்மாவைக் கண் சிகிச்சைக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போவதா, இங்கேயே காட்டுவதா? அவருடைய தம்பிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பதா, விடுவதா? இதற்கெல்லாம் சுற்றறிக்கை இல்லை. எதைச் சொன்னாலும் யாரோ ஒருவருக்கு வலிக்கும். அவர் வாயடைத்துப் போவது இந்த மாதிரிக் கேள்விகளில்தான் என்று உன் கடிதங்களிலிருந்தே எனக்குத் தெரிகிறது.

வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர், ஒருவரின் நடத்தை இடத்துக்கு இடம் நாம் நினைப்பதைவிட அதிகமாக மாறுகிறது என்று 1968 இல் எழுதியபோது அந்தத் துறையே கலங்கியது. பிறகு அவரும் யூயிச்சி ஷோடாவும் கோடைக்கால முகாம் ஒன்றில் சிறுவர்களை நெருங்கிக் கவனித்தார்கள். ஒருவன் சம வயதுப் பிள்ளைகள் சீண்டினால் சீறுவான், பெரியவர் கண்டித்தால் அடங்குவான். இன்னொருவன் நேர் எதிர். 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்' என்ற அந்த அமைப்பு ஒவ்வொருவரிடமும் நிலையாக இருந்தது. மாறி மாறி நடப்பதிலேயே ஒரு ஒழுங்கு உண்டு என்று அவர்கள் கண்டார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. 'உண்மையான குணம் எது' என்று அடித்துக்கொள்வதை விட்டு, 'எப்போது எப்படி' என்று பார்க்க வைக்கிறது.

அப்படிப் பார். ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அவர் சூடை மீன் துப்புரவு செய்வதை நீ குசினி யன்னலால் பார்த்திருப்பாய். மகள் பக்கத்தில் குந்தியிருந்து பூனையை விரட்டுகிறாள். கத்தி ஒரு பக்கம் ஓட, கதை ஒரு பக்கம் ஓடுகிறது. கோட்டைக்குள் மான் ஒன்று யாருடைய கச்சான் பையைப் பறித்தது என்பதுவரை சொல்கிறார். அங்கே அவர் மௌனி இல்லை. கைக்கு வேலை இருக்க வேண்டும், யாரும் எதிரே இருந்து பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. அப்போது அவருக்குப் பேச்சு வருகிறது.

இதற்காக அவர்மேல் பிழையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு முழு மனிதரும் உனக்கு மிச்சமும் என்பது நியாயமே இல்லை. "என் சுபாவம் இது" என்று ஒருவர் கைவிரிப்பதை நான் ஏற்றுக்கொள்வதும் இல்லை. கவுண்டரில் அத்தனை பொறுமையைப் பழகிக்கொண்டவரால், "எனக்கு அரை மணி நேரம் வேண்டும், பிறகு பேசுவோம்" என்று வீட்டில் ஒரு வசனம் சொல்லப் பழக முடியும். அதை அவரிடம் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, கேள்.

உன்னையும் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு கணக்கை ஐந்து தடவை விளக்குகிறாய். பின்னேரம் உன் மகள் அதே கணக்கில் இரண்டாம் தடவை பிழை விட்டால் குரல் உயர்கிறது. "களைப்பு அக்கா" என்பாய். நானும் நம்புகிறேன். அவர் பேசாமல் இருந்தால் மட்டும் ஏன் அதை அவருடைய குணம் என்கிறாய்? தன் செயலுக்குச் சூழலையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணம் காட்டுகிற இந்தப் போக்கை ஜோன்ஸ், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் 1971 இல் எழுதினார்கள். நெருங்கியவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் அநியாயங்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

இந்த வாரம் ஒன்று செய். அவர் சப்பாத்தைக் கழற்றும்போதே அம்மாவின் சிகிச்சைப் பேச்சை எடுக்காதே. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் வரும்போது ஆட்டோ பிடிக்காமல் டச்பே கடற்கரைப் பக்கமாக நடந்து வாருங்கள். அப்போது கேள். என்ன சொன்னார் என்று சனிக்கிழமை எனக்கு எழுது. கொழும்புக்குத்தான் என்று முடிவானால் அம்மாவோடு ரயிலில் நான் போகிறேன், நீ லீவு போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா