பென்சிலால் எழுதிய லேபிள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தபோது நான் கடல் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து இறங்கி நான்கு நாள்தான் ஆகியிருந்தது, படுத்தால் கட்டில் இன்னும் ஆடியது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். படி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாதே, அவரிடம் விவாதம் பண்ணாதே.

அப்படி என்னதான் செய்தீர்கள் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் வலையை இறக்கினோம், ஏற்றினோம், சிக்கியதைச் சீசாவில் அடைத்தோம். திமிங்கலம் வந்தது ஒரே ஒரு நாள், அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நுண்பிளாஸ்டிக் எடுக்கிற நாள்களில் எல்லாரும் பருத்தி உடைதான். செயற்கை நூல் போட்டால் நம் சட்டையிலிருந்து உதிரும் இழையே கடலின் கணக்கில் ஏறிவிடும். போதாததற்குப் பக்கத்தில் ஈரமான வடிதாள் ஒன்றைத் திறந்து வைத்து, காற்றிலிருந்து எத்தனை இழை விழுகிறது என்று அதையும் தனியாக எண்ணுவோம்.

இரண்டாம் வாரம் ஒரு மடத்தனம் செய்தேன். பென்சில் கிடைக்காத அவசரத்தில் ஒரு லேபிளைப் பேனாவால் எழுதிச் சீசாவுக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் காலை ஆல்கஹாலில் மை முழுக்கக் கரைந்து போயிருந்தது. எந்த இடம், எந்த ஆழம், எந்த நேரம், எதுவும் இல்லை. குழுத் தலைவி திட்டவில்லை, சீசாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார், அது போதும்.

ஒரு சீசாவுக்கா இவ்வளவு என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சேலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றியதே, அவர்களுக்கு அன்று இருந்த பெரிய கேள்வி ஆழத்தில் உயிர் இருக்கிறதா என்பது, கடல் சூடாவதைப் பற்றி யாருக்கு அப்போது கவலை? ஆனாலும் போகிற வழியெல்லாம் தெர்மாமீட்டரை இறக்கி எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகளை கடலில் தானாக மிதந்து வெப்பம் அளக்கிற இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு 2012இல் ஒப்பிட்டபோது, மேற்பரப்பு சராசரியாக 0.59 டிகிரி சூடாகியிருந்தது. அவர்கள் சேகரித்து வந்தவற்றில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் இருந்தன. அவற்றையும், 2009க்குப் பிறகு தாரா என்ற பாய்மரக் கப்பல் எடுத்தவற்றையும் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். இன்றைய ஓடுகள் மெலிந்திருந்தன, ஒரு இனத்தில் 76 சதவீதம் வரை! கரியமில வாயு கரையக் கரைய, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் நீரில் குறையும், அது தெரிந்ததுதான். ஆனால் இந்த மெலிவுக்கு அது மட்டுமே காரணமா, வெப்பமும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், எனக்குப் பிடித்தது அதுதான்.

எனக்கு இன்னும் பிடித்த கதை ஒன்று உண்டு. அலிஸ்டர் ஹார்டி என்ற கடல் உயிரியலாளர் செய்த கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துப் போகின்றன, உள்ளே பட்டுத் துணிச் சுருள், அதில் பிளாங்டன், அதாவது நீரோடு மிதக்கும் நுண்ணுயிர்கள், ஒட்டும். எடுத்தது மீனுக்கு இரை எங்கே இருக்கிறது என்று பார்க்க. பல பத்தாண்டு கழித்து யாரோ அந்தப் பழைய துணிகளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால், 1960களின் துணியிலேயே பிளாஸ்டிக் இழை. பிறகு வந்தவற்றில் இன்னும் அதிகம். கருவியில் எது சிக்கிக்கொண்டது என்ற பதிவேட்டில் 1957லேயே மீன்வலைக் கயிறு!

அப்போதுதான் உன் நினைவு வந்தது. முப்பது வருஷத்து ரசீதையெல்லாம் வைத்திருக்கிறாய் என்று எத்தனை கேலி செய்திருப்பேன். கேலியைத் திரும்பப் பெறுகிறேன், பாதியாவது. கரண்ட் பில்லை யாரும் ஸ்கேன் பண்ணப் போவதில்லை.

பெயரிழந்த சீசாவை யாரும் கொட்டவில்லை. மேஜையில் என் எதிரேதான் இருக்கிறது, இப்போது அதற்கு ஒரு லேபிள் போட்டிருக்கிறேன், பென்சிலால்: “இடம் தெரியாது.” நடக்க ஆரம்பித்ததும் எழுது.

உன்,
குமார்