குழாய்க்குத் தரும் மானியத்தை அதில் ஓடும் உரத்துக்கும் தாருங்கள்

வேளாண்மை – உழவர் நலத்துறையிலும் தோட்டக்கலை – மலைப்பயிர்கள் துறையிலும் பொறுப்பு வகிக்கும் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். ஒட்டன்சத்திரம் பகுதியில் தக்காளியும் மிளகாயும் பயிரிடும் உழவன் நான். சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும் ஏனையோருக்கு 75 விழுக்காடும் மானியம் தந்து நீங்கள் அமைத்துக் கொடுத்த சொட்டுநீர்ப் பாசனத்தால்தான் வறண்ட ஆண்டுகளிலும் எங்களால் காய்கறி எடுக்க முடிகிறது. அந்த நன்றியோடுதான் இந்தக் குறையை எழுதுகிறேன்.

சொட்டுநீரில் வளரும் தக்காளியின் வேர், சொட்டுவான் நனைக்கும் ஈர வட்டத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பாத்தியில் கைவீச்சாகப் போடும் உரம் அந்த வட்டத்துக்கு வெளியே காய்ந்த மண்ணில் கரையாமல் கிடக்கும். நிலப்போர்வை எனும் நெகிழித் தாளை விரித்த வயலிலோ கையால் உரமிடவே வழியில்லை. அந்தப் போர்வைக்கும் நீங்கள்தான் மானியம் தருகிறீர்கள். எனவே சொட்டுநீர் போட்டவனுக்கு நீர்வழி உரமிடல், அதாவது உரத்தைப் பாசன நீரில் கரைத்துக் குழாய்வழியே விடுவது, கட்டாயத் தேவை. வீரிய ஒட்டுத் தக்காளிக்கு ஹெக்டேருக்கு 200:250:250 கிலோ தழை, மணி, சாம்பல் சத்துகள் தேவை; மணிச்சத்தில் முக்கால் பங்கை அடியுரமாக இட்டு, மற்றதைப் பிரித்து மூன்று நாளுக்கு ஒருமுறை பாசன நீரோடு கொடுக்கவேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதற்குரிய 19:19:19, 12:61:0, 13:0:45 (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு) போன்ற முழுதும் கரையும் உரங்கள் எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கிடைப்பதில்லை. தனியார் கடையிலோ, வழக்கமான டி.ஏ.பி. (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தின் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய்க்கு விற்கும்போது, அதில் பாதி எடையுள்ள 13:0:45 பை அதைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது.

கட்டுப்படியாகாதவர்கள் டி.ஏ.பி.யை இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரை, உரநீரைக் குழாய்க்குள் உறிஞ்சிவிடும் வென்சுரிக் கருவியில் விடுகிறார்கள். எவ்வளவு வடித்தாலும் மண்டியின் ஒரு பகுதி குழாய்க்குள் போகிறது. எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. சொட்டுவான்கள் அடைபட்டு, வரிசையின் கடைக்கோடிச் செடிகள்தான் முதலில் வாடுகின்றன.

இந்தப் பருவத்தில் எங்கள் ஊர் இளைஞர் ஒருவருக்கு நேர்ந்ததுதான் என்னை எழுதவைத்தது. தக்காளிக் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகியதைக் கண்ட கடைக்காரர் கால்சியம் நைட்ரேட் கொடுக்கச் சொன்னார், சொன்னது சரியே. ஆனால் அதை மணிச்சத்து உள்ள 12:61:0 உரத்தோடு ஒரே தொட்டியில் கரைக்கக்கூடாது என்று கடையிலும் சொல்லவில்லை, குழாய் பதித்துப் படம் எடுத்துக்கொண்டு போன நிறுவனத்தாரும் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்து கரையாத கால்சியம் பாஸ்பேட் படிவாய் உறைந்து சொட்டுவான்களை அடைத்துவிட்டன. காய் பருக்கும் நேரத்தில், வெயில் காலத்தில், அந்தக் குடும்பமே ஊசியோடு வரிசை வரிசையாக உட்கார்ந்து துளைகளைக் குத்திக்கொண்டிருந்தது. அமிலம் விட்டுக் கழுவியும் பாதிச் செடிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மீண்டும் மானியத்தில் குழாய் பெற அவர் 7 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும்.

ஐயா, குழாய் பதித்த பரப்பு ஏக்கர் கணக்கில் ஏட்டில் ஏறுகிறது. அந்தக் குழாய்கள் மூன்றாம் ஆண்டில் வேலியோரம் சுருட்டிக் கிடப்பதை யார் கணக்கெடுக்கிறார்கள்? உரம் விடும்போது முதலில் வெறுந்தண்ணீர், பிறகு உரநீர், முடிவில் மீண்டும் வெறுந்தண்ணீர் ஓடவேண்டும். நடுவில் மும்முனை மின்சாரம் நின்றுபோனால் உரநீர் குழாயிலேயே தங்கிவிடுகிறது. இதெல்லாம் உங்கள் கள அலுவலர்களுக்குத் தெரியும். ஆனால் ஒருவரே எத்தனை ஊர்களைப் பார்ப்பார்? காலிப் பணியிடங்களை நிரப்பாமல் புதுத் திட்டங்களை மட்டும் அறிவித்துக்கொண்டிருந்தால் உழவனுக்கு வழி சொல்ல வயலுக்கு வருபவர் யார்?

கோபத்தில் எழுதிவிட்ட சொல் ஏதேனும் இருந்தால் பொறுத்தருள்க. முழுதும் கரையும் உரங்கள் ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத்தில் சேரவில்லை என்பதை அறிவேன். ஆயினும் 2021 முதல் வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வைக்கும் மாநிலம் இது. அதில் இவ்வுரங்களுக்கு ஒரு தொகை ஒதுக்கி, சொட்டுநீர் அமைத்த காய்கறி உழவர்களுக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே மானிய விலையில் வழங்க வேண்டுகிறேன். குழாய் பதிக்கும் அன்றே மண்ணையும் கிணற்று நீரையும் சோதித்து, எந்த உரத்தை எதனோடு சேர்க்கலாகாது என்பதையும் எழுதிய அட்டவணையைத் தமிழில் கையில் கொடுக்கச் செய்யுங்கள். அடுத்த நடவுக்கு முன் இது நடக்கும்படி ஆணையிட வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டக் காய்கறி உழவர் ஒருவர்