பள்ளி திறக்கும் முன்பே தொட்டி, கழிப்பறை, தடுப்பூசி வேலைகளை முடித்துத் தரக் கோரி மனு

அனுப்புநர்:
பள்ளிக் குழந்தைகளின் பெற்றோர்

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்

பொருள்: பள்ளித் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை சுத்தம், விடுபட்ட தடுப்பூசி, கண் பரிசோதனை ஆகியவற்றைக் கோடை விடுமுறைக்குள் முடித்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். போன வருடம் பள்ளி திறந்த முதல் நாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த என் மகளின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. அன்றைக்கு நல்ல வெயில். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா பாத்ரூம் போகணும். அங்க தாழ்ப்பாள் இல்ல, தண்ணியும் வரல" என்றாள். அந்த வாரக் கடைசியில் சிறுநீர் எரிச்சல் என்று மருத்துவரிடம் ஓடினோம். அவள் வகுப்புப் பெண் குழந்தைகள் இன்னும் சிலரும் இதே யோசனையில்தான் தாகத்தை அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அங்கே கேட்டால் தொட்டி ஒரு துறையிடம், கட்டடம் இன்னொரு துறையிடம், தடுப்பூசி உங்களிடம் என்கிறார்கள். சரி, ஆனால் குழந்தை ஒன்றுதானே? எல்லா வேலையும் பள்ளி திறந்த பிறகுதான் நடக்கிறது என்பதே எங்கள் குறை. அவற்றைப் பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்னதாகவே செய்து தந்தால் போதும். புதிதாக எதையும் கேட்கவில்லை.

முதலில் தொட்டி. விடுமுறை முழுக்க யாரும் குழாயைத் திறப்பதில்லை. தேங்கி நிற்கும் தண்ணீரில், கிருமியைக் கொல்லும் குளோரின் நாளாக நாளாகக் குறைந்து இல்லாமலே போய்விடும். திறப்பு நாளன்று அதே தண்ணீர்தான் குழாயில் வருகிறது. தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி நிரப்பினால் சுத்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில்தான் முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஏறினால் வெப்பக் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். ஆகவே உள்சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது குளோரின் எஞ்சி இருக்க வேண்டும், கடைசிக் குழாயில் 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. இதைப் பார்க்கும் சோதனைப் பெட்டி உங்கள் களப் பணியாளர்களிடம் இருக்கும். தொட்டியடியில் மட்டும் பார்க்காமல், கழிப்பறையின் கடைசிக் குழாயிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், ஓடும் தண்ணீர், கை கழுவ சோப்பு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தடுப்பூசியிலும் நாள் கணக்குதான் முக்கியம். ஊசி போட்ட அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, உடம்பில் எதிர்ப்பு சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து முகாம் போட்டால், அந்த ஒரு மாதமும் ஊசி போடாத குழந்தைகள் நெருக்கியடித்து ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள். தட்டம்மை வந்தவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அதன் கிருமி காற்றில் இருக்கும். நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடு மாறி வந்த குடும்பங்களிடம் தடுப்பூசி அட்டையே இருக்காது. அவர்களைத் திட்டித் திருப்பி அனுப்பாமல், எது விடுபட்டது என்று பார்த்துப் போடும்படி செவிலியர்களுக்குச் சொல்ல வேண்டும். அதே முகாமில் கண்ணையும் பார்த்துவிடலாம். பார்வை மங்கலான குழந்தை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் கரும்பலகை அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்து அட்டையும் 6 மீட்டர் இடமும் இருந்தால் முதல் கட்டமாக இது நடந்துவிடும்.

முகாமை மதியம் வைக்க வேண்டாம். கைக்குழந்தையோடு வெயிலில் வரிசையில் நிற்க வைப்பதே ஒரு நோய். வேலைக்குப் போகிறவர்களும் சாயங்காலம் 5 மணிக்கு மேல் வைத்தால்தான் வர முடியும்.

வருகிறவர்களுக்கு இரண்டு விஷயத்தை வாயால் சொல்லி அனுப்பினால் நல்லது, நோட்டீஸை யாரும் படிப்பதில்லை. ஒன்று, வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஓஆர்எஸ் உப்பு-சர்க்கரைத் தூள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவ்வளவு கெட்டியாகக் கொடுத்தால் உப்பு கூடிப்போய், வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அதுவே ஆபத்து. முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. இன்னொன்று, வெப்பவாதம். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினால் அது காய்ச்சல் இல்லை, காய்ச்சல் மாத்திரை அதற்கு வேலை செய்யாது. நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை.

எனவே, பள்ளி திறப்பதற்கு மூன்று வாரம் முன்பே இந்த வேலைகளைத் தொடங்க உத்தரவிட்டு, எந்தப் பள்ளிக்கு எந்த நாள் என்பதை எங்களுக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தொட்டி கழுவிய தேதியை அதன் மேலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள். திறப்புக்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோர் இரண்டு பேரை உள்ளே விட அனுமதி கொடுத்தால், தாழ்ப்பாள் விழுகிறதா என்று நாங்களே போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர்கள் சார்பில்
ஒரு தாய்