மாதம்பிட்டியில் கேட்ட வசனம்

கொழும்பில் தமிழில் அடக்க ஆராதனை நடத்தும் போதகர்களுக்கும் குருமாருக்கும்,

தோத்திரம். சென்ற கார்த்திகையில் என் தம்பியின் பிள்ளையை மாதம்பிட்டி மயானத்துக்குக் கொண்டுபோனோம். பிறந்து இரண்டே நாள். பெட்டி அவ்வளவு சின்னது, வான் வண்டியில் தம்பி அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தான். குழியடியில் போதகர் "பாவத்தின் சம்பளம் மரணம்" என்று தொடங்கினார். வழக்கமாகச் சொல்வதுதான், அவர் மனதில் கெடுதல் ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஆமர் வீதி நெரிசலில் வான் நின்றது. தம்பி என்னைப் பார்க்காமலே கேட்டான்: "இது யாருடைய சம்பளம், அண்ணா?"

அன்றிலிருந்து வேதாகமத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறேன். சாவு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதற்குள்ளே ஒரே பதில் இல்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்களுக்கு நீங்கள் சொல்வதில்லை.

ஆதியாகமம் 2:17ஐ எடுங்கள். விலக்கிய மரத்தின் கனியைப் பற்றிக் கடவுள் ஆதாமிடம் சொன்னது: "புசிக்கும் நாளில் சாகவே சாவாய்." ஆதாம் புசித்தான், பிறகு 930 வருஷம் இருந்துதான் செத்தான். இதைக் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, கர்த்தருக்கு ஒரு நாள் ஆயிரம் வருஷம் போல என்பது. பழைய யூத நூலான யூபிலி நூலே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டது: ஆயிரத்துக்கு எழுபது குறைய, ஆகவே அதே 'நாளில்' செத்தான்! கெட்டிக்காரக் கணக்குத்தான். மற்றது, அது ஆவிக்குரிய மரணம் என்பது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆவிக்குரிய மரணம் என்றால், மண்ணுக்குள் இறங்கும் பெட்டிக்கு முன்னால் ஏன் அதைக் கொண்டுவருகிறீர்கள்? இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது 3:19. "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்." இங்கே திரும்புவதற்குச் சொல்லப்படும் காரணம் பழம் அல்ல, மண். மூன்று வசனம் தள்ளி, ஜீவவிருட்சத்தின் கனியையும் சாப்பிட்டு என்றென்றைக்கும் உயிரோடிருந்துவிடுவானோ என்று கடவுள் அவனைத் தோட்டத்தை விட்டு அனுப்புகிறார். சாகாதவனாகவே படைக்கப்பட்டிருந்தால் அந்த மரத்துக்கு என்ன வேலை? பாவம் செய்யாவிட்டாலும் ஆதாம் செத்திருப்பான் என்று சொன்னவர்களைக் கி.பி. 418இல் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர்கள் சபித்தார்கள். அப்படிச் சொல்லும் ஆட்கள் இருந்ததால்தானே சபிக்க வேண்டி வந்தது.

தம்பியின் மனைவி கத்தோலிக்கப் பிள்ளை, கொட்டாஞ்சேனை. அவளுடைய வேதாகமத்தில் சாலமோனின் ஞானம் இருக்கிறது: சாவைக் கடவுள் உண்டாக்கவில்லை, அலகையின், அதாவது பிசாசின், பொறாமையால் அது உலகில் நுழைந்தது. நான் மெதடிஸ்த சபை, என்னுடையதில் அந்தப் புத்தகமே இல்லை. உபாகமம் 32:39 இருவருடையதிலும் உண்டு: "நான் கொல்லுகிறேன், நான் உயிர்ப்பிக்கிறேன்." ஒரே வீட்டில், ஒரே மேசையில் இரண்டு புத்தகங்கள். அவள் எதை நம்பித் தூங்குவது?

பவுல் ரோமர் 5:12இல் எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால் மரணம் எல்லாருக்கும் வந்தது என்கிறார். பழைய சபைப் பிதாவான அகஸ்தீன் வாசித்த லத்தீனில் அந்த இடம் 'அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்' என்று இருந்தது. கைக்குழந்தையும் ஆதாமின் குற்றத்தில் பங்காளி என்ற போதனைக்கு அது ஒரு பெரிய தூண். கிரேக்கமோ நம்முடைய தமிழைப் போலத்தான் 'படியால்' என்கிறது என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இரண்டு நாள் பிள்ளை என்ன செய்தபடியால்? பவுலுக்கே இந்த முள் குத்தியிருக்க வேண்டும். இரண்டு வசனம் கழித்து, ஆதாமைப் போலப் பாவஞ்செய்யாதவர்களையும் மரணம் ஆண்டுகொண்டது என்கிறார்.

இவற்றை ஒன்றாக்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வேதபாட வகுப்பில் இந்த வசனங்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்து வாசிக்க விடுங்கள், கேள்வி கேட்பவனை விசுவாசம் குறைந்தவன் என்று பார்க்காதீர்கள். அப்புறம், பிள்ளைகளின் குழியடியில் அந்தச் சம்பள வசனம் வேண்டாம்.

வருகிற கார்த்திகையில் வீட்டில் வருஷ நினைவு ஜெபம் வைக்கிறோம். போதகரிடம் சொல்லியாயிற்று. எந்த வசனம் எடுப்பார் என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்லும்படி தம்பி என்னிடம் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மெதடிஸ்த சபையார்